வாளுக்கு எண்ணெய் போடுவது யார்?

நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஓர் உலகத்தை உருவாக்கிவருகிறோம். அதற்கு உப்பங்கரை என்று பெயர். கடலோரத்தில் ஒன்பது ஊர்கள், ஒரு கழிமுகம், அதற்கு அப்பால் யாரும் போகத் துணியாத உப்பளம். அங்கே இருப்பவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், யாருக்கு வரி கட்டுகிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள் என்று ஐந்து வருடமாக எழுதிவருகிறோம். எங்களில் சிலர் இதை வைத்துக் கதை எழுதுகிறார்கள், ஒருவர் படம் வரைகிறார், மாதம் ஒருமுறை ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி அந்த உலகத்துக்குள் விளையாடவும் செய்கிறோம். தண்டையார்பேட்டையில் ஒரு கேரம் கிளப்பின் மாடியில்தான் ஞாயிறு சாயங்காலம் கூடுவோம். கீழே காய் விழும் சத்தமும் சண்டையும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இந்த உலகத்தில் மந்திரப் பொருள்களும் சடங்குகளும் என் பொறுப்பு. கற்பனை உலகம் கட்டும் எந்தக் குழுவிலும் புதிதாக வருபவர் முதலில் கை வைப்பது இதில்தான். ஒரு மோதிரம், ஒரு கத்தி, பூட்டிய பெட்டி, நள்ளிரவில் ஒரு பூசை. செய்வதற்கு அவ்வளவு ஆசையாக இருக்கும். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

முதலில் செய்தது ஒரு வாள். ஆழிவாள் என்று பெயர் வைத்தேன். மூவாயிரம் வருடப் பழையது, கடலுக்கு அடியில் விழுந்த விண்கல்லில் அடித்தது, பதினொரு சக்திகள் கொண்டது. அலையைப் பிளக்கும், இருட்டில் ஒளிரும், பொய் சொன்னால் அதிரும், இப்படி ஆறு பக்கம் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை படித்துக் காட்டியதும் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்புறம் மூன்று மாதம் ஓடியது. யாருடைய கதையிலும் அந்த வாள் வரவில்லை. விளையாட்டில்கூட யாரும் அதைத் தேடிப் போகவில்லை. ஊர்க்கோடியில் நான் ஒரு வரியில் எழுதிவிட்டுப்போன உடைந்த தராசை இரண்டு பேர் தங்கள் கதையில் எடுத்திருந்தார்கள். வாளை எடுக்க ஆளில்லை.

எங்களில் ஒரு தம்பி காசிமேட்டுக்காரன். அவன் அப்பாவுக்கு ஃபைபர் படகு. அவன் படகு இன்ஜின் வேலை பார்க்கிறான். ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டான்: “அக்கா, அந்த வாளுக்கு யாரு எண்ணெ போடுறது?”

“அது மந்திர வாள்டா, துரு பிடிக்காது.”

“அப்ப அதப் பத்தி யாருமே கவலப்பட வேணாமா?”

எனக்குப் பதில் வரவில்லை. கடலுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத் துரு என்றால் என்னவென்று தெரியும். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியை ஒவ்வொரு பொங்கலுக்கும் சுரண்டிப் பெயின்ட் அடிப்போம், ஆடிக்குள் கொப்புளம் விட்டுவிடும். வண்டிச் செயினுக்கு எண்ணெய் போட மறந்தால் பத்து நாளில் சிவந்துபோகும். உப்புக்காற்றிலேயே வளர்ந்த நான், உப்பங்கரை என்று ஓர் ஊரை உருவாக்கி, அங்கே துருவே பிடிக்காத இரும்பை வைத்திருக்கிறேன். அதனால்தான் யாருக்கும் அதன்மேல் பிடிப்பு வரவில்லை. அந்த வாளை யாரும் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை. அதற்கென்று ஒரு மனிதரும் இல்லை.

அன்று ராத்திரி ஆறு பக்கத்தையும் தள்ளிவைத்துவிட்டு, எண்ணெய் போடுபவரை எழுத உட்கார்ந்தேன். மரப்படகுக்கு மீன் எண்ணெய் பூசுவது கடற்கரையில் பழைய வழக்கம். அதனால் வாளுக்கும் மீன் எண்ணெய். பூசுவது ஒரு வயதான அம்மாள். அமாவாசைக்கு அமாவாசை, உறையிலிருந்து எடுத்து, துணியில் நனைத்து, நுனியிலிருந்து பிடிவரை துடைப்பாள். அந்த வீச்சம் அவள் கையை விட்டுப் போகாது. சந்தையில் அவள் கை நீட்டினாலே அவள் யாரென்று தெரிந்துவிடும். அவள் மகளுக்கு இந்த வேலை வேண்டாம். கல்யாணம் பேச வரும் வீட்டுக்காரர்கள் பெண்ணின் கையை முகர்ந்து பார்க்கிறார்கள். இவ்வளவு எழுதிய பிறகு வாளின் பதினொரு சக்தியில் ஒன்பதை அடித்துவிட்டேன். மிஞ்சியது இரண்டுதான். அடுத்த மாதத்துக்குள் மூன்று பேர் அந்த மகளைப் பற்றி எழுதிவிட்டார்கள்.

புதிதாக இதில் இறங்குபவர்களுக்கு என்னிடம் சொல்ல ஒன்று உண்டென்றால் அது தம்பி கேட்ட கேள்விதான். பொருளை யார் துடைக்கிறார்கள், சாவி யாரிடம், அது வீட்டில் இருப்பதால் யாருக்குத் தூக்கம் போகிறது? சக்தியை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

இரண்டாவது பொருள் என் வேலையிலிருந்து வந்தது. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். சரக்கு ஏற்றி முடித்ததும் கன்டெய்னர் கதவில் போல்ட் சீல் அடிப்பார்கள். விரல் தடிமன் இரும்புக் கம்பி, ஒரு முனை மண்டைக்குள் போய்ச் சொடுக்கென்று பூட்டிக்கொள்ளும். அப்புறம் கையால் கழற்ற முடியாது, கட்டரால் வெட்டத்தான் வேண்டும். ஒவ்வொரு சீலிலும் ஓர் எண். ஐஎஸ்ஓ 17712 தரத்தில் உயர் பாதுகாப்பு வகை என்றால் கூடவே எச் என்ற எழுத்தும் பொறித்திருக்கும். அந்த எண் ஆவணத்தில் ஏறும். வழியில் கஸ்டம்ஸ் திறந்து பார்த்தால், பழையதை வெட்டிவிட்டுப் புதிய சீல் போட்டு, புதிய எண்ணைப் பதிவார்கள். போய்ச் சேரும் இடத்தில் எண்ணை ஒத்துப்பார்ப்பார்கள்.

சேர்ந்த புதிதில் நான் ஒருமுறை 6 என்பதை 8 என்று அடித்துவிட்டேன். வண்டி கேட்டில் நின்றுவிட்டது. ராத்திரி முழுக்க நின்றது. காலையில் நான் போனபோது டிரைவர் வண்டிக்கு அடியில் துண்டு விரித்துப் படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்து, “மேடம், இங்க டிபன் எங்க கெடைக்கும்?” என்று மட்டும் கேட்டார். அந்த முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. ஓர் எண் தப்பினால் ஒரு மனிதன் தரையில் படுக்கிறான்.

நினைத்துப் பார்த்தால் அந்தக் கம்பி திருடனைத் தடுக்காது. கட்டர் வைத்திருப்பவன் ஒரு நொடியில் வெட்டிவிடுவான். வெட்டியதை மறைக்க முடியாது என்பதுதான் அதன் வேலை. இதிலிருந்து உப்பங்கரைக்கு வந்தது கட்டுமுத்திரை. அங்கே புயல்காற்றைத் தாழிகளில் அடைத்துவைப்பார்கள். தாழியின் வாயில் சுண்ணாம்பும் மெழுகும் கலந்த முத்திரை. குழந்தைகூட அதை உடைக்கலாம். உடைத்தால், முத்திரை வைத்தவரின் உள்ளங்கையில் அதே இடத்தில் கீறல் விழும். யார் உடைத்தார்கள் என்று தெரியாது, எந்தத் தாழி என்று மட்டும் தெரியும். எங்கள் விளையாட்டில் இதைப் போல ஓடிய பொருள் வேறு இல்லை. எல்லாவற்றையும் செய்துமுடிக்கும் பொருள் கையில் இருந்தால் விளையாடுபவர்கள் சீக்கிரம் சும்மா உட்கார்ந்துவிடுகிறார்கள். காட்டிக்கொடுக்க மட்டும் தெரிந்த பொருளைச் சுற்றி ராத்திரி பத்துமணிவரை வாதம் நடந்தது.

அவரவர் தொழிலில் இப்படி ஒன்று கட்டாயம் இருக்கும். எங்கள் குழுவில் ஒரு பள்ளி ஆசிரியை வருகைப் பதிவேட்டிலிருந்து ஒரு சடங்கு செய்தார். பெயரைக் கூப்பிடும்போது செத்தவர்கள் ‘உள்ளேன்’ சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, கூப்பிடுபவர் ஒவ்வொரு பெயருக்கும் இடையே மூச்சைப் பிடித்துக்கொள்வார். படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

விலை என்று ஒன்று வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சக்தி வேண்டுமானால் ரத்தம் கொடு, ஆயுளில் பத்து வருடம் கொடு என்று எழுதிவிடுவோம். நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் பத்து வருடம் போவது கதையில் எங்கேயும் வலிக்காது, எப்போதோ கடைசியில் வரும் கணக்கு அது. இதற்கு வழி எங்கள் காலுக்குக் கீழேயே இருந்தது.

கேரமில் ரெட் என்னும் சிவப்புக் காயைக் குழியில் போட்டுவிட்டால் மட்டும் அது நம்முடையதாகிவிடாது. அடுத்த அடியிலேயே நம் காய் ஒன்றைப் போட்டு ஃபாலோ காட்ட வேண்டும். தவறினால் ரெட் திரும்ப நடுவுக்கு வந்துவிடும். ரெட் விழுந்த நொடிக்கும் ஃபாலோ விழும் நொடிக்கும் நடுவில் சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். பவுடர் தேய்க்கிற சத்தம்கூடக் கேட்காது. அந்த நேரம்தான் எனக்கு வேண்டியிருந்தது. அதிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டோம். உப்பங்கரையில் எந்தப் பொருளைப் பயன்படுத்தினாலும் ஃபாலோ உண்டு. அது சீக்கிரம் வர வேண்டும், செய்தவரே செய்ய வேண்டும், தவறினால் பலன் திரும்பிப் போக வேண்டும்.

ஊமைச் சங்கு என்று ஒன்று இருக்கிறது. ஊதினால் ஊரில் எந்த ஓசையும் கேட்காது, படகில் வரும் கொள்ளைக்காரர்களுக்கு ஊர் இருப்பதே தெரியாது. ஊதியவர் அடுத்த கடல் ஏற்றம் வருவதற்குள் இதுவரை யாரிடமும் சொல்லாத ஓர் உண்மையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஊரின் ஓசையெல்லாம் திரும்பிவிடும், அவர் வீட்டுக்குள் மட்டும் திரும்பாது. குழந்தை அழுவது கேட்காது. எங்களில் ஒருவர் விளையாட்டில் அதை ஊதிவிட்டு, எந்த உண்மையைச் சொல்வது என்று யோசித்து அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஒரு மாசி மாதத்தில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலுக்குப் போனோம். மகிழடி சேவை நடக்கும் சமயம். சின்ன வயதிலிருந்து போகிற கோயில்தான், ஆனால் பொருள், சடங்கு, விதி என்று மண்டையில் ஓடிக்கொண்டிருக்கும்போது போனது அதுதான் முதல்முறை. மகிழமரத்தடியில் நின்றபோது சுந்தரர் கதை வேறுமாதிரி தெரிந்தது.

சங்கிலியாரைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறார் சுந்தரர். உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்துதர வேண்டும். சன்னிதியில் சத்தியம் செய்யும்போது நீர் கருவறையில் இராமல் மகிழமரத்தடியில் போய் இரும் என்று சிவனிடமே கேட்டுவைக்கிறார். தோழர் அல்லவா, உரிமை. சிவனும் சரி என்கிறார். ஆனால் சங்கிலியாரின் கனவில் போய், சத்தியத்தை மகிழின் கீழே வாங்கிக்கொள் என்று சொல்லிவிடுகிறார். மறுநாள் சன்னிதிக்குப் போனால், இங்கே வேண்டாம், மரத்தடியில் போதும் என்கிறார்கள். மறுக்க முடியாமல் சுந்தரர் அங்கேயே சத்தியம் செய்கிறார். பிறகு திருவாரூர் நினைவு வந்து ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகின்றன. திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல் கிடைக்கிறது. காஞ்சியில் இடக்கண் வருகிறது. வலக்கண் திருவாரூரில்தான்.

பெரியபுராணம் சொல்லும் இந்த ஒரு கதையில் நான் தேடிக்கொண்டிருந்தது எல்லாமே இருந்தது. சத்தியத்துக்கு இடம் முக்கியம். அந்த இடத்தில் ஓட்டை போடப் பார்க்கும் மனிதன் இருக்கிறான். ஓட்டையை அடைக்கும் கை இருக்கிறது. மீறியதற்கு உடனே தண்டனை, அதுவும் எல்லைக்கோட்டைத் தாண்டிய அடியிலேயே. மீண்டு வருவது ஒரே நாளில் நடக்கவில்லை. முதலில் கோல், பிறகு ஒரு கண், பிறகு இன்னொன்று, ஒவ்வொன்றும் வேறு ஊரில். அந்தக் கோலைப் பற்றி நான் அதிகம் யோசித்திருக்கிறேன். கண் கேட்டவருக்குக் கோல் கிடைத்தது. கேட்டதில் பாதிகூட இல்லை. ஆனாலும் வழி நடக்க அது போதும்.

அங்கிருந்து கடற்கரைப் பக்கம் போனால் பட்டினத்தார் சமாதி. அவர் கையில் இருந்தது ஒரு கரும்பு, பேய்க்கரும்பு என்பார்கள். அதன் நுனி எந்த ஊரில் இனிக்கிறதோ அங்கேதான் முக்தி. அது இனித்த ஊர் திருவொற்றியூர். யோசித்துப் பாருங்கள், அந்தக் கரும்பு எதிரியை வெல்லாது, பொன் தராது. இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் ஆம் என்கிறது. ஒரே ஒரு வேலை செய்யும் பொருள் இவ்வளவு தூரம் கூட வரும் என்று எனக்கு அதற்குமுன் தோன்றியதில்லை. ஆழிவாளில் மிச்சமிருந்த இரண்டு சக்தியில் ஒன்றையும் அன்று ராத்திரி அடித்தேன்.

விதியில் ஓட்டை தேடுவது நம் ஊர்க் கதைகளில் தப்பாகவும் இல்லை. அரியணையில் அமர்ந்து ஆயிரம் வருடம் ஆளும் வரம் விக்கிரமாதித்தனுக்குக் கிடைத்தபோது, ஆறு மாதம் நாட்டில், ஆறு மாதம் காட்டில் என்று பிரித்து அதை இரண்டாயிரமாக்கியது அவன் மந்திரி பட்டியின் மூளை. காடாறு மாதம் நாடாறு மாதம் என்று இன்றும் பேச்சில் சொல்கிறோம். அதனால் புதுப்பொருள் செய்ததும் அதைக் குழுவில் மிகவும் வம்பு பிடித்த ஆளிடம் கொடுத்து, இதில் எங்கே ஏமாற்றலாம் என்று கேட்பேன். அவர் கண்டுபிடிக்கும் ஓட்டை நன்றாக இருந்தால் அதை அடைக்க மாட்டேன். அந்த உலகத்திலேயே யாரோ ஒருவர் அதைக் கண்டுபிடித்ததாக எழுதிவிடுவேன்.

எண்ணிக்கை பற்றி ஒன்று. பொருள்கள் பெருகிக்கொண்டே போகும், அதற்கு எல்லை கட்ட வேண்டும். நாங்கள் ஆடுவதுபோலவே பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும், 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில், சக்திவாய்ந்த மந்திரப் பொருள்களில் பலவற்றோடு முதலில் பிணைப்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரு மணிநேர ஓய்வில் அந்தப் பொருளிலேயே கவனத்தை வைத்திருக்க வேண்டும், ஒருவர் ஒரே சமயத்தில் மூன்று பொருள்களோடுதான் அப்படி இருக்கலாம். நல்ல விதி. நாங்கள் சில மாதம் அப்படியே வைத்துப் பார்த்தோம். ஆனால் அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று உப்பங்கரைக்காரர் யாரையாவது கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. அது மேசையில் உட்கார்ந்து விளையாடுபவர்களுக்கான எண்.

பதில் காசிமேட்டிலிருந்து வந்தது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஃபைபர் படகுகள் மட்டும் கரையை ஒட்டிப் போய்வரும். அந்த இரண்டு மாதத்தில் துறைமுகம் வேறு முகத்தோடு இருக்கும். படகுகளைச் சுரண்டுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரிப்பார்கள், வலையைப் பரப்பிக் கிழிசல் பார்ப்பார்கள். மீன் விலை ஏறும், வட்டிக்குக் கடன் வாங்குவார்கள். உப்பங்கரையிலும் இப்போது வருடத்தில் 61 நாள் பெரிய பொருள்கள் தூங்கும். சின்னத் தாயத்தும் மணியும் மட்டும் வேலை செய்யும். அந்த நாள்களில் எல்லாவற்றையும் பிரித்துப் பழுதுபார்ப்பார்கள். வருடத்தில் எந்த நாளில் எதிரி வருவான் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். ஒரே ஒரு விதி, அதிலிருந்து நாற்பது பக்கம் வந்திருக்கிறது.

சடங்குகளுக்கு வருகிறேன். பொருளைவிட இது கஷ்டம். தாளில் எழுதும்போது எந்தச் சடங்கும் அழகாகவே இருக்கும். ஏழு விளக்கு, ஏழு பேர், கிழக்கு நோக்கி நிற்க வேண்டும், இந்த வரியைச் சொல்ல வேண்டும். நாங்கள் ஒருமுறை அப்படி எழுதிய ஒன்றை மொட்டைமாடியில் செய்து பார்த்தோம். சாமி கும்பிடுவதாக நினைத்துச் செய்யவில்லை, நாடக ஒத்திகை மாதிரிதான். அகல்விளக்கு, நல்லெண்ணெய், திரி. ஏற்றினோம், அணைந்தது. மறுபடி ஏற்றினோம், மறுபடி அணைந்தது. கடல்காற்று. நான்காவது முறை தீப்பெட்டியில் மூன்று குச்சி மிஞ்சியது. அப்போது ஆசிரியை தன் சேலைத் தலைப்பை விரித்துக் கிழக்கே முதுகைக் காட்டி நின்றார். அவர் முதுகுக்கு இந்தப் பக்கம் விளக்கு எரிந்தது. சடங்கு முடியும்வரை அவரால் விளக்கைப் பார்க்க முடிந்ததே தவிர, மற்றவர்களைப் போலக் கிழக்கைப் பார்க்க முடியவில்லை. எல்லோரும் கடலைப் பார்க்க, அவர் ஒருவர் மட்டும் எங்கள் முகங்களைப் பார்த்தபடி நின்றார்.

உப்பங்கரையில் இப்போது காற்றுக்கு முதுகு கொடுப்பவர் என்று ஒருவர் எல்லாச் சடங்கிலும் உண்டு. அவர் கடல்தெய்வத்தைப் பார்த்ததே இல்லை, மனிதர் முகங்களை மட்டும் பார்த்திருக்கிறார். யார் உண்மையாகப் பயந்தார்கள், யார் உதட்டை மட்டும் அசைத்தார்கள் என்று ஊரில் அவருக்குத்தான் தெரியும். மேசையில் உட்கார்ந்து ஒரு வருடம் எழுதியிருந்தாலும் இது எனக்குத் தோன்றியிருக்காது. எந்தச் சடங்கை எழுதினாலும் ஒருமுறை கை காலை அசைத்துச் செய்து பாருங்கள். எண்ணெய் எங்கே சிந்துகிறது, யாருக்கு முட்டி வலிக்கிறது, குழந்தை எதைப் பிடித்து இழுக்கிறது என்று தெரியும். தீ, உயரம், தண்ணீர் உள்ள இடங்களில் மட்டும் பாவனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி சொல்லப்போவது நான் செய்த தப்பு.

அந்தக் காசிமேட்டுத் தம்பி ஒருநாள் தன் ஆயாவைப் பற்றிச் சொன்னான். மகனும் பேரனும் கடலுக்குப் போகும்போது படகின் முன்பக்கமான அணியத்தில் அவர் செய்யும் ஒரு காரியம். அது என்ன என்று இங்கே எழுதப்போவதில்லை. டீக்கடை பெஞ்சில், என்னை அக்கா என்று நம்பிச் சொன்னான். கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. அந்த வாரமே அதை எடுத்து, பெயரை மாற்றி, ஒரு கிழவி உயிர்களைக் கட்டிவைக்கும் கெட்ட சடங்காக எழுதினேன். பயங்கரமாக இருக்க வேண்டும் என்று அந்தக் கிழவியின் பல், நகம், சிரிப்பு எல்லாம் சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் படித்தேன். நன்றாக இருக்கிறது என்று மற்றவர்கள் சொன்னார்கள். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு இறங்கிப்போனான். இரண்டு மாதம் வரவில்லை.

நான் போன் செய்தேன், எடுக்கவில்லை. கடைசியில் அவனே ஒருநாள் யார்டு கேட்டுக்கு வந்தான். “இன்னாக்கா, எங்க ஆயா பண்றத எடுத்துப் பேய் வேலைன்னு எழுதி வச்சிருக்கீங்க. எங்கப்பா பொயல்ல மாட்டி மூணு நாள் வரல. அப்ப அது ஒண்ணுதான் அதுக்குத் தெரிஞ்சது. அது வேற என்னாக்கா பண்ணும்?” குரல் உயரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவனோடு ஆயாவைப் பார்க்கப் போனேன். வாசலில் சாக்கு விரித்துக் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். நான் செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கருவாட்டைத் திருப்பிப்போட்டுக்கொண்டே, “என் பேரப் போட்டியா?” என்றார். இல்லை என்றேன். “படகு பேரு?” அதுவும் இல்லை. “அப்ப கிழிச்சிப் போட்டுட்டு வா, டீ குடிக்கலாம்.” அந்தப் பக்கங்களை அன்றே கிழித்தேன், கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழித்தேன், மற்ற ஆறு பேரிடமும் சொல்லி அவர்கள் வைத்திருந்த பிரதியையும் அழிக்கச் சொன்னேன்.

நம் தெருவில் சடங்குக்கா பஞ்சம். ஆடியில் காப்புக் கட்டி, கூழ் ஊற்றி, கரகம் எடுத்து வருகிறார்கள். கடை வாசலில் படிகாரம் கட்டித் தொங்குகிறது. முச்சந்தி மண்ணும் மிளகாயும் உப்பும் எடுத்துக் குழந்தைக்குச் சுற்றிப்போடுகிறார்கள். உலகம் கட்டுபவர் கண்ணுக்கு இதெல்லாம் அள்ளிக்கொள்ளச் சொல்வதுபோல இருக்கும். ஊரறிய நடப்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் ஒரு வீட்டுக்குள், ஒரு மனுஷியின் பயத்துக்காக நடப்பது அந்த வீட்டுக்குச் சொந்தம். கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். நிஜ மனிதர்கள் கும்பிடுவதை வில்லனின் பூசையாக்கும் பழக்கத்தை நான் அன்றோடு விட்டேன்.

பிறகு தம்பியே ஒரு வழி சொன்னான். “ஆயா பண்றத எடுக்காதீங்க. அதுக்கு எதனால தோணுதுன்னு எடுத்துக்கோங்க.” போனவர் திரும்பும்வரை வீட்டில் இருப்பவர் கைக்கு ஒரு வேலை வேண்டும். அதை வைத்து நாங்கள் இருவரும் சேர்ந்து செய்ததுதான் அரைக்கோலம். உப்பங்கரையில் யாராவது கடலுக்குப் போனால், அன்று வாசலில் போடும் கோலத்தின் கடைசிக் கோட்டை இணைக்காமல் விடுவார்கள். வாய் திறந்தபடி இருக்கும். திரும்பி வந்தவர் கால் கழுவுவதற்குமுன், வீட்டுப் பெண் குனிந்து அந்தக் கோட்டைச் சேர்ப்பாள். தினமும் அழித்துப் போட வேண்டும், தினமும் அதே இடத்தில் விட வேண்டும். சாயங்காலம் தெருவில் நடந்தால் எந்த வீட்டில் ஆள் இன்னும் வரவில்லை என்று தெரியும். அந்த வாசலைத் தாண்டும்போது யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். இதில் மந்திரமே இல்லை என்று படம் வரையும் நண்பர் சொன்னார். பலன் உண்டா இல்லையா என்று உப்பங்கரையிலும் யாருக்கும் தெரியாது. அப்படியே விட்டிருக்கிறோம். எல்லாச் சடங்கும் பலிக்கும் உலகத்தில் யாரும் பயத்தோடு செய்யமாட்டார்கள்.

இப்போது ஒவ்வொரு பொருளுக்கும் சடங்குக்கும் ஓர் அட்டை வைத்திருக்கிறோம், ரேஷன் கார்டு அளவில். மேலே பெயர். அதன் கீழே யார் பார்த்துக்கொள்கிறார், சும்மா இருக்கும் நாளில் அது எங்கே இருக்கும், என்ன நாற்றம் அல்லது சத்தம். அப்புறம் ஃபாலோ என்ன. யார் அதை வெறுக்கிறார்கள். நிஜத்தில் இது யாரிடமிருந்து வந்தது, அவரிடம் கேட்டோமா. சக்தி என்ற வரியைக் கடைசியில், ஒரே ஒரு கோடு அளவுக்கு வைத்திருக்கிறோம். அதில் இடம் போதவில்லை என்றால் சக்தியைக் குறைக்க வேண்டும், அட்டையைப் பெரிதாக்கக் கூடாது.

போன தடைக்காலத்தில் தம்பி ஒரு வலை பின்னும் ஊசியைக் கொண்டுவந்தான். தாத்தாவுடையது, பிடித்துப் பிடித்து நடுவில் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. இதை உப்பங்கரைக்கு வைத்துக்கொள்ளலாம், ஆயாவிடம் கேட்டுவிட்டேன் என்றான். அட்டையை அவனே எழுதினான். பார்த்துக்கொள்பவர், இடம், நாற்றம் எல்லாம் எழுதிமுடித்து, சக்தி என்ற வரிக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டான்.

“தெரியாதா?” என்றேன்.

“தெரியும்க்கா. ஆயா சொல்ல வேணாம்னுச்சு.”

அந்த வரி காலியாகவே இருக்கிறது. மூன்று கதையில் அந்த ஊசி வந்துவிட்டது, இதுவரை யாரும் அவனிடம் கேட்கவில்லை.